குத்துக்காலும் குடவோலையும்

மன்றம் என்ற சொல்லை இன்று நாம் மிக மலிவாகப் புழங்குகின்றோம். நான்கு பேர் கூடி ஓர் இறப்பர் முத்திரையும் கடிதத் தலைப்பும் செய்துகொண்டால் ஒரு மன்றம் பிறந்துவிடுகின்றது. தொடக்க விழாவுக்குக் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு மலர் எல்லாம் உண்டு. ஆனால் இவற்றுட் பல தமது மூன்றாவது ஆண்டு விழாவைக் காண்பதில்லை. பகையால் அழிவன சில. கணக்கால் அழிவன சில. ஒருவரே எல்லாமாகி, அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுவன பல. கூடுவது எளிது, கூடி நிலைப்பது அரிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தார்கள் என்பதற்குக் கல்லிலே சான்று உண்டு. நேயர்களே, இன்றைய உரை அதைப் பற்றியது.

பழைய இலக்கியங்களில் மன்றம் என்பது ஊர் நடுவே மரநிழலில் அமைந்த பொதுவெளி. சிலப்பதிகாரம் புகார் நகரத்திலே ஐவகை மன்றங்கள் இருந்தன என்கின்றது. அவற்றுள் ஒன்று பாவை மன்றம். அரசன் முறை தவறினாலும், அறங்கூறும் அவையம் ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறந்து எதுவும் சொல்லாது. கண்ணீர் மட்டும் விடும். காவியத்துக்கு அந்தக் கண்ணீர் போதும். ஊர்க்காரியம் பார்ப்பதற்குப் போதாது. அதற்கு விதி வேண்டும். விதி எழுதியவர்களைத் தேடினால் முதலில் நாம் போய் நிற்பது திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூர் என்ற சிற்றூரில்.

மானூர்ச் சாசனம் பாண்டியன் மாறன் சடையனின் 35ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது, ஏறக்குறைய கி.பி. 800 எனக் கொள்வர். அவ்வூரின் பிராமண நிலவுடைமையாளர் சபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் அதிலே உள்ளன. ஒரு பங்குக்கு ஒருவரே சபையிற் பங்குபற்றலாம். அவர் குறித்த நூற்பயிற்சியும் நல்லொழுக்கமும் உடையவராயிருத்தல் வேண்டும். பங்கை விலைக்கு வாங்கியவரானாலும், சீதனமாகப் பெற்றவரானாலும் இதே தகுதி பார்க்கப்படும். பணம் கொடுத்து நிலம் வாங்கலாம். சபையில் இருக்கையை அதனோடு சேர்த்து வாங்கமுடியாது என்பது இதன் பொருள்.

சபையிற் பங்குபற்றுவதைக் குறிக்க அச்சாசனம் ஆளும் சொல் ‘மன்றாடுதல்’ என்பது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்விடத்திற் சற்று நிற்காமல் என்னாற் போகமுடியவில்லை. மன்றத்திலே நின்று வழக்காடுவது, கருத்துரைப்பது மன்றாடுதல். அந்தச் சொல்லுக்கு இன்று கெஞ்சுதல் என்பதே பொருள். உரிமையோடு பேசியவன் எப்போது இரந்து பேசுபவனானான் என்பது ஒரு தனி வரலாறு. மன்றங்கள் தம் அதிகாரத்தை இழந்த கதையும் அதற்குள்ளே இருக்கக்கூடும்.

மானூர் விதிகளிற் சுவையானது இனித்தான் வருகின்றது. சபையிலே எந்தக் காரியத்தை எடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று குத்துக்கால் போடுகின்றவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களுக்கு உடந்தையாய் இருந்தவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று சபை விதித்தது. குத்துக்கால் என்ற சொல்லைக் கல்லிலே காணும்போது ஆயிரத்து இருநூறு ஆண்டு இடைவெளி கரைந்துபோகின்றது. அந்த மனிதரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவர் ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் நேரத்தோடு வருவார், முன்வரிசையில் இருப்பார், கூட்டறிக்கையில் ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் எழுந்து நிற்பார்.

இங்கே சபையின் நிதானத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தீர்மானத்தை எதிர்ப்பது குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. எடுத்ததற்கெல்லாம் எதிர் நின்று காரியம் நடவாமற் செய்வதே குற்றம். தண்டமும் பணத்தோடு நின்றது. தண்டம் செலுத்தியவர் பின்னரும் அதே விதிகளுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்கின்றது சாசனம். அவரை ஊரைவிட்டுத் துரத்தவில்லை, வாயைக் கட்டவுமில்லை. தலைவருக்கு விருப்பமில்லாத கேள்வியைக் கேட்டவரின் பெயரை மறுநாளே உறுப்பினர் பட்டியலிலிருந்து வெட்டிவிடுகின்ற சங்கங்களைக் கண்ட நமக்கு இந்த வேறுபாடு புரியும்.

மானூருக்கு அடுத்து, ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், அவ்வூர்ச் சபை தனது வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையைக் கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டுகளின் பின், 921இல், அதைத் திருத்தி மேலும் விரிவாக வெட்டியது. இரண்டும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இருக்கின்றன. பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட தமது சோழர் ஆய்வு நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அதன் பின் பள்ளிப் பாடப்புத்தகங்கள் குடவோலையை நமக்கு மனப்பாடமாக்கிவிட்டன. ஆனால் அவை சொல்வது இரண்டாவது சாசனத்தை. முதலாவது ஏன் போதாமற் போயிற்று என்று கேட்க நமக்குக் கற்பிக்கப்படவில்லை.

முதற் சாசனத்தில் வாரியத்துக்கு வருபவரின் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குக் கீழ். இரண்டாவதில் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குக் கீழ் ஆகின்றது. தகுதியும் தகுதியின்மையும் பின்னதில் நுணுக்கமாகின்றன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவ்வூரில் ஏதோ நடந்திருக்கின்றது. தீயவர் கெட்டு ஏனையோர் செழிக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வொழுங்கைச் செய்தோம் என்று சாசனமே சொல்கின்றது. விதியிலே ஓட்டை கண்டவுடன், கல்லில் வெட்டியதாயிற்றே என்று கூசாமல் இன்னொரு கல்வெட்டைப் பொறித்தார்கள். எனக்கு இது குடவோலையை விடப் பெரிய செய்தியாகப் படுகின்றது.

921ஆம் ஆண்டு விதி இதுதான். ஊரில் முப்பது குடும்புகள். குடும்பு என்பது இன்றைய வட்டாரம் போன்றது. வரி செலுத்தும் கால் வேலி நிலமேனும் உடையவராய், தம் மனையிலே வீடு கட்டி வாழ்பவராய், கல்வியுடையவராய், நேரிய வழியில் ஈட்டிய பொருளுடையவராய் இருப்பவர் பெயர் ஓலையில் எழுதப்படும். கல்வியிற் சிறந்தவராயின் அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவராய் இருக்கக்கூடாது. குடும்பு தோறும் ஓலைகளைக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை நிரம்பக் கூடியிருக்கும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிலே கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே அதை ஏற்பான், வாசிப்பான், அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர். அதன் பின்னரே அந்தப் பெயர் ஏற்கப்படும்.

ஐந்து விரலையும் விரிக்கவேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் எப்படிப்பட்ட கைகளைக் கண்டிருப்பார்கள்!

இவ்வாறு தெரிந்த முப்பது பேரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் வேறாகத் தெரியப்பட்டன. பணி முந்நூற்றறுபது நாள். அது முடிந்தால் இறங்கவேண்டும். இடையிலே குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். ஏதென்ஸ் நகரத்தாரும் தமது ஐந்நூற்றுவர் மன்றத்துக்குத் திருவுளச் சீட்டு முறையிலே ஆள் தெரிந்தனர். பதவி முடிந்தவரிடம் கணக்குக் கேட்டனர். யார் முதல் என்ற போட்டி நமக்கு வேண்டாம். ஆசை எங்கும் ஒன்றே ஆகையால் அதற்கு இட்ட வேலியும் ஒன்றுபோல் இருக்கின்றது.

கணக்கு விடயத்தில் உத்தரமேரூர் காட்டும் கண்டிப்புத்தான் என்னைத் திரும்பத் திரும்ப அச்சாசனத்திடம் இழுப்பது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் வாரியம் இல்லை. அவருக்கு மட்டுமா? அவருடைய தாயின் சகோதரிமார் பிள்ளைகள், தந்தையின் சகோதரி பிள்ளைகள், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று சாசனம் ஒரு குடும்ப மரத்தையே வரைந்து, இத்தனை பேர் பெயரும் ஓலையில் எழுதப்படலாகாது என்கின்றது. ஒருவன் காட்டாத கணக்குக்காக மச்சான் ஏன் தண்டனை பெறவேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குக் காட்டாதவனை வீட்டுக்குள்ளேயே நெருக்குவதற்கு இதைவிடக் கெட்டித்தனமான வழி எது? கணக்கனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெருங்குறிச் சபைக்குக் காட்டி, தூயவன் எனப் பெயர் பெறும் வரையில் அவனுக்கு மறுபடி வேலையில்லை. அவனுக்காக இன்னொரு கணக்கன் வந்து முடித்துக் கொடுக்கவும் முடியாது.

நம்மூர்ப் பொதுக்கூட்டங்களில் கணக்கறிக்கை வாசிக்கும் நேரம் பார்த்துத் தேநீர் வந்துவிடும். பழைய நிருவாக சபை ஏகமனதாகத் தெரிவாகிவிடும். பொருளாளர் வெளிநாடு போய்விட்டார், கணக்குப் புத்தகம் எங்கே என்று தெரியவில்லை என்ற வசனத்தை நான் ஒரு தடவை மட்டும் கேட்டதில்லை.

இதனால் உத்தரமேரூரை மக்களாட்சியின் பொற்காலம் என்று மேடையிலே முழங்குவோருடன் நான் சேரமாட்டேன். அந்தக் குடத்துக்குள் உழுதவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. ஏரியை வெட்டியவன் பெயரும் இல்லை. நிலமும் வேதமும் உடைய ஒரு சிறு வட்டம் தன்னைத் தானே ஆண்ட முறை அது. விதி செய்த இரண்டு கூட்டங்களிலும் அரச ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்பதையும் சாசனம் மறைக்கவில்லை. வட்டம் சிறிது. ஆனால் வட்டத்துக்குள்ளே ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவது, எவ்வாறு நம்பாதிருப்பது என்பதை அவர்களைப் போல் எழுதிவைத்தவர் குறைவு.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெருங்குறி என்ற அந்தப் பெயர் நமது மாவட்டத்திலேயே கிடைக்கின்றது. கந்தளாயிற் கிடைத்த சோழர் காலத் தமிழ்ச் சாசனம் ஒன்று இராசராசச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களைக் குறிப்பிடுகின்றது. கந்தளாய்க் குளத்தை அண்டிய பிராமணக் குடியிருப்பு அது. உத்தரமேரூரில் எத்தகைய சபை கூடியதோ அத்தகைய சபை பதினோராம் நூற்றாண்டிலே இங்கும் கூடியது. ஏரி வாரியம் போல ஒன்று கந்தளாய்க் குளத்துக்கும் இருந்ததா, எந்த மண்டபத்திற் கூடினர் என்பவற்றைக் கல் சொல்லவில்லை.

நமது மரபு இன்னொரு முறையையும் பேணியது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை இங்கு நினைக்கவேண்டும். பெயரிலே கல்வெட்டு என்றிருந்தாலும் அது கல்லில் வெட்டியதன்று. கவிராச வரோதயர் பெயரால் வழங்கும் ஏட்டு நூல். குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் கொணர்ந்து குடியேற்றி, இன்னாருக்கு இன்ன தொழும்பு என்று வகுத்ததையும், பிணக்குத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்ததையும் அது சொல்கின்றது. தனியே உண்ணாத அரசன்! நடுநிலை வகிப்பவனுக்கு இதைவிட நல்ல பெயர் வைக்கமுடியாது. ஆனால் அங்கே கடமை பரம்பரையாக இறங்குகின்றது. உத்தரமேரூரிலோ முந்நூற்றறுபது நாளில் இறங்கிவிடுகின்றது. பரம்பரை முறைக்கு ஒரு வலிமை உண்டு. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பின்னரும் தம்பலகாமத்திலே வழிபாட்டைத் தொடர்ந்தவர்களுக்கு, தங்கள் தொழும்பு எது என்று எவரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தேர்தல் வைத்து ஆள் தெரிந்திருந்தால் அந்த ஆண்டில் யார் குடத்தைத் தூக்கியிருப்பார்? ஆனால், தொழும்பு தவறியவரை எப்படி மாற்றுவது என்ற கேள்விக்கு அம்முறையிடம் இலேசான விடை இல்லை.

1070இற் சோழராட்சி இந்நாட்டில் முடிந்தது. கந்தளாய் முடியவில்லை. முதலாம் விசயபாகுவின் காலத்திலே அவ்வூர் விசயராச சதுர்வேதிமங்கலம் என்று பெயர் மாறி நின்றது. நூறாண்டு கழித்து நிசங்கமல்லன் காலத்துக் கந்தளாய்க் கல்லாசனச் சாசனத்திலும் அது பிராமணர் ஊராகவே வருகின்றது. கந்தளாய்ப் பக்கத்துப் பளமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது. செ. குணசிங்கம், பேராசிரியர் சி. பத்மநாதன் ஆகியோர் இதனை ஆராய்ந்துள்ளனர். நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த தன் கணவனின் பொருட்டு அவ்வூர்ச் சிவன் கோயிலுக்குச் செய்த அறக்கொடையை அது பதிவு செய்கின்றது. குடத்தில் எந்நாளும் பெயர் எழுதப்படாத பெண்ணினத்தைச் சேர்ந்த ஒருத்தி, ஊரின் பெயரைக் கல்லில் நிறுத்திவிட்டாள்.

அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு அச்சாசனத்திலே வேளைக்காறப் படையினரிடம் விடப்பட்டிருக்கின்றது.