வாட்டிய கோழியும் வாச மிளகும்

சரித்திரம் என்றதும் அரண்மனையையும் போர்க்களத்தையும் நினைக்கும்படி நமது பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அடுப்பங்கரையை அவை எட்டிப் பார்ப்பதில்லை. அரசன் உண்டதை எழுதும் ஆசிரியன் அதனைச் சமைத்தவன் பெயரை எழுதுவதில்லை. சமையலுக்கான பண்டங்களை விளைவித்தவனையோ அவன் அறியவே மாட்டான். ஆயினும், மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவுகளை அறிய விரும்புவோர்க்குச் சட்டிபானைகள் சாசனங்களுக்குக் குறைந்தவையல்ல.

ஓர் எளிய உணவை எடுத்துக்கொள்வோம். முழுக்கோழி ஒன்றைத் துப்புரவாக்கி, உப்பும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் தோலின் உள்ளும் புறமும் தடவி, வயிற்றினுள் சில முழு மிளகுகளை இட்டு, போறணையில் வாட்டி எடுத்தல். ஆங்கிலேயக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை மேசையில் இது சாதாரணக் காட்சி. இதற்கு வேண்டுவன மூன்றே: நெருப்பு, மிளகு, கோழி. இம்மூன்றும் ஒருசேரச் சாதாரண உழைப்பாளியின் வீட்டுக்குள் நுழைந்தது மிக அண்மைக் காலத்திலேதான். அவை மலிவான வரலாற்றை ஆராயப்புகின், அந்த மலிவுக்கான விலையைப் பெரும்பாலும் மேசையில் இடம்பெறாத எவரோ செலுத்தியிருக்கக் காண்கிறோம்.

முதலில் நெருப்பு. பழைய இங்கிலாந்தில் இறைச்சியை வாட்டுவதென்றால், திறந்த தீயின் முன் இரும்புக் கோலில் குத்தி, வேகும்வரை இடைவிடாது சுழற்றுவதாகும். மணிக்கணக்கில் சுழற்றுவது யார்? பிரபுவின் மாளிகையில் அதற்கென ஒரு சிறுவன் இருந்தான். அனலுக்கு முன்னே உடல் வெந்துபோகும் வேலை அது. 8ஆம் ஹென்றி மன்னனின் அரண்மனைக்கு 1526இல் வகுக்கப்பட்ட விதிகளிலே, சமையற்கூடத்துச் சிறுவர் நிர்வாணமாகவும் இழிந்த கந்தையுடனும் திரியலாகாது என ஒரு விதி உண்டு. வேலையின் கொடுமையைக் குறைக்க அவ்விதி வகுக்கப்படவில்லை. காட்சியின் அருவருப்பைக் குறைக்கவே வகுக்கப்பட்டது! பின்னர் சிறுவனின் இடத்துக்கு நாய் வந்தது. சுவரிற் பொருத்திய சக்கரத்தினுள் குட்டைக்கால் நாயொன்றை ஓடவிட்டுக் கோலைச் சுழற்றினர். 1576இல் வெளிவந்த ஆங்கில நாய்கள் பற்றிய நூலொன்றிலேயே இந்த இனம் இடம்பெற்றுவிட்டது.

ஏழைக்கு வாட்டுவதற்கான அடுப்பே இல்லை. பண்டிகை நாளில் இறைச்சியைப் பேக்கரிக்குக் கொண்டுசென்று, பாண் போறணையில் வேகவைத்து வாங்கிவரும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நிலவிற்று. டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார்க் கதையிலே, எழுத்தன் கிராச்சிற்றின் வீட்டு வாத்து வேகுவது பேக்கரிப் போறணையிலேதான். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்படுப்பும், அதன்பின் எரிவாயு அடுப்பும் பரவின. காசு போட்டு எரிவாயு பெறும் மானி 1880களின் இறுதியில் வந்த பின்னரே தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அவ்வடுப்பு எட்டியது. அடைத்த போறணையில் வேகுவது வாட்டலாகாது, அது வெறும் வேக்காடே என்று பழைய சமையற்காரர் சலித்துக்கொண்டனர். அவர்களுடைய சுவை ஞானத்தை மறுப்பதற்கில்லை. கோலைச் சுழற்றிய பையன் அச்சலிப்பிற் பங்குகொண்டிருப்பானா என்பது வேறு விடயம். (போறணை என்ற நமது சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றதே.)

மிளகின் கதை இதனினும் நீண்டது, கொடியதும்கூட.

பழந்தமிழில் மிளகுக்குக் கறி என்று பெயர். யவனர் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலே பதிவாகியுள்ளது. அக்கப்பல்கள் சென்றடைந்த உரோமாபுரியில், அப்பீசியசின் பெயரால் வழங்கும் சமையல் நூலிலுள்ள கோழிப் பாகங்களிற் பெரும்பாலானவற்றில் மிளகு உண்டு. கறுப்பு மிளகு இறாத்தலுக்கு 4 தெனாரியசு என விலை குறித்த பிளினி, உறைப்பைத் தவிர வேறு சிறப்பில்லாத இக்காய்க்காக இந்தியா வரை ஓடுகிறார்களே என்று வியந்தான். கி.பி. 408இல் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் கேட்டுப் பெற்ற மீட்புப் பொருள்களில் 3000 இறாத்தல் மிளகும் அடங்கியிருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் நிலத்தின் வாரத்தை மிளகாக அளந்தவர்களும் இருந்தனர்.

1498இல் வாஸ்கொடகாமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின், போர்த்துக்கேயரும், அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவ்வாணிபத்தைத் துப்பாக்கிமுனையில் நடத்தினர். இவ்வளவும் பாடநூல்களிலே உண்டு. அவை கூறாத ஓரிடத்தைச் சற்று நின்று பார்ப்போம். 1682இல் சாவகத்தீவின் பாந்தமிலிருந்து ஒல்லாந்தரால் வெளியேற்றப்பட்ட ஆங்கிலக் கொம்பனி, 1685இல் சுமத்திராவின் மேற்குக் கரையில் பென்கூலன் என்னுமிடத்தில் கோட்டை அமைத்தது. மிளகுக்காகவே அமைந்த குடியேற்றம் அது. ஊர்த்தலைவர்களோடு ஒப்பந்தம் செய்து, மிளகுப் பயிர்ச்செய்கையைக் கொம்பனி கட்டாயமாக்கிற்று: குடும்பமொன்று 1000 கொடிகளும், மணமாகாத ஆண் 500 கொடிகளும் நட்டுப் பேண வேண்டும், விளைச்சலைக் கொம்பனிக்கே, கொம்பனி குறித்த விலைக்கே விற்க வேண்டும். கொம்பனி ஊழியர் தோட்டந்தோட்டமாகச் சென்று கொடிகளை எண்ணினர். தலைவனுக்குத் தரகு, குடியானவனுக்குத் தண்டனை. கொடி பலன் தரத் தொடங்குவதற்கே மூன்று ஆண்டுகள் செல்லும். அதுவரை அவன் நெல்வயலுக்குச் செலவிட வேண்டிய உழைப்பை மிளகுத் தோட்டம் விழுங்கிற்று. கோட்டை வேலைக்கு மடகாஸ்கரிலிருந்து அடிமைகள் கொணரப்பட்டனர்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1719இல் கிளர்ந்தெழுந்து ஆங்கிலேயரைக் கடல்வழியே துரத்தினர். சில ஆண்டுகளில் அவர்கள் மீண்டும் வந்தனர். கோப்பியையும் கட்டாயமாக்கிய ரெசிடென்ற் தோமஸ் பார் 1807இல் தன் இல்லத்திலேயே கொல்லப்பட்டான். 1825இல் ஒல்லாந்தரிடம் கையளிக்கப்படும்வரை பென்கூலன் இவ்வாறே நடந்தது.

வடசுமத்திராவிலோ அமெரிக்கர். மசாசூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தின் (தமிழகத்துச் சேலமன்று) வணிகர் இம்மிளகினாலேயே பெருந்தனவந்தராயினர். 1831இல் குவாலா பட்டு என்னும் ஊரில் அவர்களது கப்பலொன்று தாக்கப்பட்டு மாலுமிகள் மூவர் மாண்டனர். அடுத்த ஆண்டு அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அவ்வூரைத் தீக்கிரையாக்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மிளகு மேலைநாட்டு எளியவர் மேசைக்கும் வந்து சேர்ந்த காலம் இதுவே. விலை மலிந்ததும் செல்வரின் சமையலில் வாசனைப் பொருள்களின் பழைய ஆடம்பரம் குன்றியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எல்லாரும் வாங்கக்கூடிய பண்டம் பெருமைக்கு உதவாதல்லவா?

இனிக் கோழி. ஒவ்வொரு குடியானவன் பானையிலும் ஞாயிறுதோறும் ஒரு கோழி இருக்கவேண்டும் என்று பிரான்சிய மன்னன் 4ஆம் ஹென்றி கூறியதாக ஒரு கதை உண்டு. அவன் 1610இல் இறந்து அரை நூற்றாண்டின் பின், 1661இலேயே அது ஏட்டில் ஏறிற்று. அக்கதையிலும் கோழி பானையிலே கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியை அவித்துத்தான் தின்ன முடியும். வாட்டுவதற்கு இளங்கோழி வேண்டும். முட்டையிட வேண்டிய பருவத்தில் கோழியைக் கொல்லும் வசதி எளியவனுக்கு ஏது?

1923இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்னும் பெண் 50 குஞ்சுகள் கேட்டெழுத, தவறாக 500 வந்து சேர்ந்தன. அவர் அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்றார். இலாபம் கண்டு மேலும் வாங்கினார். இறைச்சிக்கோழித் தொழில் வளர்ந்தது அவ்வாறே. 1940களின் பிற்பகுதியில் நெஞ்சு பருத்து விரைவில் வளரும் இனத்துக்காகப் போட்டிகளும் நடத்தப்பட்டன. முன்னர் மூன்று நான்கு மாதம் வளர்ந்த பறவை இன்று ஆறேழு வாரங்களில் வாட்டும் பருவத்தை அடைகிறது. அங்கே குஞ்சும் தீனும் கொம்பனிக்குச் சொந்தம். கொட்டிலும் அதைக் கட்ட வாங்கிய கடனும் வளர்ப்பவனுக்குச் சொந்தம்.

வாசத்துக்கு வருவோம். மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்ற்றெட் 1819இல் பிரித்தெடுத்தார். வாசம் வேறு; அது விரைவில் ஆவியாகும் எண்ணெயின் குணம். ஆதலினாலேயே மிளகை முன்கூட்டி அரைத்து வைக்காது, கோழியைப் போறணையில் வைக்குமுன் இடிக்கவேண்டும் என்பர். வயிற்றினுள் இட்ட முழு மிளகு, கோழியின் சொந்த ஈரத்தில் மெல்ல வெந்து மணக்கும்.

அத்தகைய மிளகுக்குக் காய் முற்றவேண்டும். பூத்து ஆறு முதல் எட்டு மாதம் கழித்து, கதிரில் ஓரிரு மணிகள் பழுக்கும் வேளையில் பறித்து வெயிலில் காயவைப்பதே முறை. மாத்தளையிலும் கண்டியிலும் வேலியோரத்துச் சீமைக்கிளுவையில் கொடி படரவிட்ட சிறு தோட்டக்காரருக்கு இம்முறை தெரியாததல்ல. களவுக்கு அஞ்சியும், கைச்செலவுக்கு முட்டுப்பட்டும், அவர்களிற் பலர் பிஞ்சிலேயே பறித்து விற்றுவிடுகின்றனர். மா நிரம்பாத அப்பிஞ்சு காய்ந்ததும் எடை குன்றிப்போகும், சமையலறைக்கு உதவாது. சாறு வடிக்கும் ஆலைகளுக்காக அது இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது.