பேரேடு படித்த வக்கீல்

சென்னை ஹைகோர்ட்டின் பெரிய கோபுரத்தில் 1894-ஆம் ஆண்டு முதல் வெகு காலம் கலங்கரை விளக்கம் எரிந்து வந்ததைப் பலரும் அறிவர்; ஆனால் அந்த விளக்கின் அடியிலேயே, கப்பலில் வந்த சரக்கையும், சரக்கின்மேல் வாங்கிய கடனையும், கடனுக்கு எழுதிய பத்திரத்தையும் பற்றி வாதித்தே பேரும் பொருளும் ஈட்டிய வக்கீல்களை நினைவுகூர்பவர் சிலரே.

கொலை வழக்கென்றால் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். வர்த்தக வியாஜ்யத்திலோ வக்கீலுக்கு எதிரே இருப்பவை கணக்குப் புத்தகங்களே. ஒழுங்காக எழுதி வந்த கணக்கு சாட்சியமாக ஏற்கத்தக்கதே, ஆயினும் அது மாத்திரமே ஒருவன்மீது கடனைச் சுமத்தப் போதாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 34-ஆவது பிரிவில் விதித்தது. 'மாத்திரம்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பியே இவர்களுடைய வித்தை வளர்ந்தது. சிட்டையில் விழுந்த தொகை பேரேட்டில் அதே தேதியில் ஏறியிருக்கிறதா, இரண்டு வரிகளுக்கு நடுவே பிற்பாடு நுழைந்த பற்று ஏதேனும் உண்டா, மை ஒரே மைதானா என்று இரவெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதை எழுதிய குமாஸ்தாவையே கூண்டில் நிறுத்தி நிதானமாக வினவுவதுதான் அந்த வித்தை.

அவ்வித்தையில் தேர்ந்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்து, 1885-இல் வக்கீலானவர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, ஒரு நூற்றாண்டாகச் சென்னைக் கடற்கரையில் கொடிகட்டிப் பறந்த ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. லண்டன் பங்காளியின் துணிகர வியாபாரங்களில் பணம் கரைந்துபோக, பென்ஷன்காரர்களும் விதவைகளும் வெள்ளைக்காரன் வாக்கை நம்பிப் போட்டு வைத்த சேமிப்பு கணக்கில் மட்டும் மிஞ்சியது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது; இன்ஸால்வென்ஸி வழக்கில் பணம் போட்டவர்களுக்காக வாதாடினார் கிருஷ்ணசாமி ஐயர்.

வழக்கு எத்துணைத் திறமையாக நடந்தாலும், மிஞ்சிய சொத்தைப் பங்கிட்டுத் தருமேயன்றிப் போன முதலை மீட்டுத் தராது. பிறருடைய கணக்கில் ஓட்டை கண்டு சொல்வதோடு தம் தொழில் தர்மம் தீர்ந்தது என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ நகரத்தார் முதலிய தனவந்தர்களைத் தூண்டிப் பங்கு சேர்த்து, அந்த வீழ்ச்சிக்குப் பத்து மாதம் நிறைவதற்குள், 1907 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இந்தியன் வங்கியைத் திறந்துவைக்கக் காரணமானார். 1909-இல் ஹைகோர்ட் நீதிபதியாகி, 1911-இல், ஐம்பது வயது நிரம்புமுன்னரே காலமானார். வாதித்த வழக்குகளின் கட்டுகள் இன்று ஆவணக் கிடங்கில் உறங்குகின்றன. அவர் தொடங்கிவைத்த பேரேட்டில் மட்டும் இன்னும் வரவும் பற்றும் ஏறிக்கொண்டிருக்கின்றன.