மணலில் ஓட்டக் காற்றை இறக்கியவர்கள்

டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், டயர் சீக்கிரம் தேயும். பஞ்சர் கடைக்காரர் முதல் அப்பா வரை எல்லோரும் நமக்குச் சொல்லித் தந்த பாடம் இது. தார் ரோட்டுக்கு இது சரி. ஆனால் மணலில் இறங்கிவிட்டால் இதே பாடம் தலைகீழாகிவிடும். அங்கே வண்டி நகர வேண்டுமென்றால் டயரில் இருக்கும் காற்றில் பாதியை வெளியே விட வேண்டும். மனிதர்கள் இதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள், தெரிந்த பிறகும் இது ஏன் லேசான வேலையாக இருக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் கணக்கு

பயப்பட வேண்டாம் நண்பர்களே, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். 1800 கிலோ எடையுள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. அப்படியானால் அந்த எடையைத் தாங்க ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொட வேண்டும். காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் தொடும் பரப்பு 400 ஆகிறது. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. காற்று குறையும்போது டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் பரவுகிறது. கிட்டத்தட்ட டாங்கியின் சங்கிலிப் பட்டை போல ஆகிவிடுகிறது. மணலைக் குத்தித் தோண்டாமல் அதன் மேல் மிதந்து போகிறது.

ஒட்டகமே திரும்பிய இடம்

எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் பெரும் மணற்கடல் என்ற பகுதி இருக்கிறது. வடக்கு தெற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மணல்மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக. 1874-இல் ஜெர்மானியப் பயணி கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் தாக்லா பாலைவனச் சோலையிலிருந்து ஒட்டகங்களோடு மேற்கே குஃப்ராவுக்குப் போகப் பார்த்தார். மணல்மேடுகளைக் குறுக்கே தாண்ட முடியவில்லை. கடைசியில் மேடுகளுக்கு இடையிலேயே வடக்கே நடந்து சீவா போய்ச் சேர்ந்தார்.

முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் ஃபோர்டு மாடல் டி கார்களைக் கொண்டு இந்தப் பாலைவனத்தில் ரோந்து சுற்றினார்கள். கார் லேசானது, நல்ல உயரமானது. ஆனால் டயர் ஒல்லி, அதில் 60 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். கெட்டியான தரையில் பறந்தது, மெத்து மணலில் திணறியது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். சக்கரம் புதைகிறதா, பின் சக்கரத்தையே எடுத்துவிட்டு ரப்பர் பட்டை போடு! சித்ரோன் நிறுவனத்தின் அரைப்பட்டை வண்டிகள் 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துகூர்ட்டிலிருந்து கிளம்பி 1923 ஜனவரியில் திம்புக்துவை அடைந்தன. பெரிய சாதனைதான். ஆனால் வண்டி மெதுவாகப் போகும், விலையும் அதிகம்.

பாக்னால்ட் வருகிறார்

ரால்ஃப் பாக்னால்ட் ஆங்கிலேய ராணுவத்தின் சிக்னல் பிரிவு அதிகாரி. 1926-இல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். விடுமுறையில் நண்பர்களோடு சொந்தச் செலவில் பாலைவனம் சுற்றுவது அவருக்குப் பைத்தியம். 1929, 1930-இல் ஃபோர்டு மாடல் ஏ கார்களோடு அந்தப் பெரும் மணற்கடலுக்குள் போனார். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் இழுவை உள்ள சாதாரணக் கார்கள்!

இதற்குள் டயரும் மாறியிருந்தது. 1923-இல் ஃபயர்ஸ்டோன் கொண்டுவந்த பலூன் டயர் முன்பைவிட அகலமானது, குறைந்த காற்றில் ஓடக்கூடியது. பாக்னால்ட் அதிலும் காற்றைக் குறைத்தார். காற்று வீசும் பக்கத்து மணல் இறுகியிருக்கும், மறைவுப் பக்கம் பொலபொலவென்று இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டார். இறுகிய பக்கமாக வேகமெடுத்து ஏறினார். கார் ஏறிவிட்டது. சிக்கினால் எடுக்க இரும்புத் தகடுகளும் கையில் இருந்தன. ரோல்ஃப்ஸின் ஒட்டகங்கள் திரும்பிய மணற்கடலில் கார்கள் மேடு தாண்டிப் போயின.

1940-இல் இந்த அனுபவம் போருக்குப் பயன்பட்டது. தளபதி வேவெல் அனுமதி கொடுக்க, பாக்னால்ட் ஆறே வாரத்தில் ஒரு நெடுந்தூர ரோந்துப் படையைத் தயார் செய்தார். முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்து வீரர்கள். வண்டிகளோ ஒன்றரை டன் செவர்லே வியாபார லாரிகள், அவையும் இரண்டு சக்கர இழுவைதான். அந்தப் பக்கமாக யாரும் வர முடியாது என்று இத்தாலியப் படை நம்பியிருந்த மணற்கடலைத் தாண்டித்தான் இவர்கள் அதன் பின்புறம் போய் நின்றார்கள்.

விலை என்ன?

இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் எப்போதும் குறைந்த காற்றிலேயே ஓட்டலாமே? முடியாது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, சூடாகிறது. கெட்டித் தரையில் வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டிலேயே கிழியும். கல் நிறைந்த இடத்தில் வெளியே பிதுங்கிய பக்கச் சுவரைக் கல் அறுக்கும். சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

அதனால் மணல் முடிந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். அடுத்த மணல் வந்தால் மறுபடி இறக்க வேண்டும். பாலைவன வெயிலில், ஒவ்வொரு டயராக, எத்தனை முறை? "இந்தச் சின்ன மணல்தானே, அப்படியே போய்விடலாம்" என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் வண்டி அச்சு வரை இறங்கும். அதைத் தோண்டி எடுக்கச் செலவாவது குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

இந்தக் கஷ்டத்தை 1942-இல் அமெரிக்காவில் உருவான டக் என்ற நீரிலும் நிலத்திலும் ஓடும் லாரி தீர்த்தது. ஃபிராங்க் ஸ்பியர் வடிவமைத்த கருவியால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயர் காற்றை ஏற்றலாம், இறக்கலாம். கடலிலிருந்து கடற்கரை மணலில் ஏறும்போது குறைவு, ரோட்டுக்கு வந்ததும் கூடுதல். பிறகு சோவியத் ஜில்-157 லாரியிலும் இந்த வசதி வந்தது. 2016, 2017, 2018 டக்கார் பந்தயங்களில் வென்ற பெஜோ வண்டிகளிலும் இது இருந்தது. அவையும் இரண்டு சக்கர இழுவை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

நமக்கு

ரோட்டில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. போடும் ஜீப்புக்கு, மண் பாதையில் 25 முதல் 28, மணலில் 15 முதல் 20 என்பது இன்று பலரும் பின்பற்றும் அளவு. எடைக்குத் தக்கபடி மாறும். 12-க்குக் கீழே போனால் ரிம் கழலும் ஆபத்து. காற்றை இறக்கியபின் வேகமும் இறங்க வேண்டும். திரும்பக் காற்றடிக்கப் பம்பு இல்லாமல் இறக்கவே கூடாது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பாக்னால்டிடம் நம்மைவிட நல்ல வண்டி இல்லை. காற்றை இறக்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கும் பொறுமை இருந்தது. மணலில் சிக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியாமல் இல்லை, இறங்கத்தான் சோம்பல். பரீட்சைக்குப் படிக்கும் நமக்கும் இது பொருந்துகிறதோ என்னவோ!

உங்களில் யாராவது மணலில் வண்டி ஓட்டியிருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.