பனிக்கண்டத்தின் கடைசி எண்பது கிலோமீட்டர்



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் உலகப் படத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்து, "சார், கப்பல் இந்த வெள்ளைக் கரை வரைக்கும்தானே போகும்? அப்புறம் எப்படி உள்ளே போவார்கள்?" என்று வினவினான். நாய் வண்டி என்று சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பிய பின்னர்தான் அது நூறாண்டுக்கு முந்தைய விடை என்று மனம் உறுத்தியது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

அண்டார்டிகாவில் ஹெலிகாப்டர் முதன்முதலில் பறந்தது 1946-47ஆம் ஆண்டுகளில், அமெரிக்கக் கடற்படையின் 'ஹைஜம்ப்' பயணத்தின்போது. பதின்மூன்று கப்பல்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்ற அப்பயணத்தில் வானிலிருந்து ஏறத்தாழ 70,000 நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. ஆயினும் படத்தில் தெரியும் மலை பூமியில் சரியாக எவ்விடத்தில் உள்ளது என்பதைத் தரையில் நின்று அளந்தவர் இலர். அளவை இல்லாத படத்தைக் கொண்டு நிலப்படம் வரைய இயலுமா? எனவே 1947-48இல் இன்னொரு பயணம் தேவைப்பட்டது. ஹெலிகாப்டர்கள் அளவையாளரைப் பாறைகளின்மேல் இறக்கிவிட, அவர்கள் கதிரவனை நோக்கி இடத்தைக் கணித்தனர். அப்பயணத்திற்குக் காற்றாலை எனப் பொருள்படும் 'விண்ட்மில்' என்னும் பெயரே நிலைத்தது. சுழலும் விசிறியைக் கண்டு இட்ட பெயராகும்.

இனி இந்தியாவின் கதைக்கு வருவோம். 1981 டிசம்பர் 6ஆம் நாள், டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட குழு, 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வேக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டது. 1982 ஜனவரி 9ஆம் நாள் பனிக்கண்டத்தில் கால் பதித்தது. கப்பல் இரவல்; ஆனால் அதன் தளத்தில் இருந்த சேத்தக் ஹெலிகாப்டர்கள் இந்தியக் கடற்படையுடையவை. கப்பல் ஒதுங்கிய இடம் மண்ணன்று, கடலின்மேல் மிதக்கும் பனித்தட்டு. ஆய்வாளர் தேடிய பாறைநிலமான சிர்மாக்கர் குன்றுகளோ அங்கிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. உள்ளே இருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து அலோர் ஸ்டார் செல்லும் தொலைவைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் வழியெங்கும் பனி மூடி மறைத்த வெடிப்புகள்! தரைவழியே பல நாள் இடர்ப்பட வேண்டிய தொலைவை ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்திற்குள் கடந்தது.

1983-84இல் ஹர்ஷ் குப்தா தலைமையில் சென்ற மூன்றாம் குழுவில் 81 பேர் இருந்தனர். வான்படையின் எம்.ஐ.-8 என்னும் பெரிய ஹெலிகாப்டர்களும் உடன் சென்றன. அந்த ஒரே கோடையில் 'தட்சிண் கங்கோத்ரி' நிலையம் எழுந்தது. 12 பேர் குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கினர். நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா சிர்மாக்கர் பாறைகளை ஆராய்ந்ததும் இப்பயணத்தில்தான்.

எல்லாம் எளிதாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மேகமும் பனியும் ஒரே வெண்மையாகிவிட்டால் நிழல் விழாது. நிழல் இல்லையேல் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது விமானிக்குப் புலப்படாது. இறங்கும்போது விசிறி கிளப்பும் பனித்தூளும் கண்ணை மறைக்கும். ஆகவே, இரண்டு மணி நேர வேலைக்காக இறங்குவோருடனும் கூடாரமும் பல நாள் உணவும் சேர்த்தே இறக்கப்படும். அழைத்துச் செல்ல ஹெலிகாப்டர் எப்போது திரும்பும் என்பதை வானிலைதான் முடிவு செய்யும்.

பென்குவின்களின் நிலை வேறு. தலைக்குமேல் இரைச்சல் கேட்டால் அவை முட்டையை விட்டு ஓடும்; அந்நேரம் ஸ்குவா பறவை வந்து முட்டையைக் கவரும். 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை, பறவைக் கூட்டங்களைக் கலைக்கும்படி ஹெலிகாப்டர் பறப்பதைத் தீங்கு எனவே வகுத்தது. 2004ஆம் ஆண்டு வழிகாட்டி, அவற்றுக்கு மேலே 2,000 அடி உயரம் விட்டுப் பறக்கச் சொல்கிறது.

ஹெலிகாப்டருக்கு இத்துணை முதன்மை ஏன்? அண்டார்டிகா உடன்படிக்கையில் முடிவெடுக்கும் உரிமை வேண்டுமெனில், நிலையம் அமைத்தல், ஆய்வுக்குழு அனுப்புதல் போன்ற கணிசமான பணியைக் காட்ட வேண்டும். இரண்டு பயணங்களை முடித்திருந்த இந்தியா 1983 ஆகஸ்டில் உடன்படிக்கையில் இணைந்து, செப்டம்பர் 12ஆம் நாளே அவ்வுரிமையைப் பெற்றது.

அதே காலத்தில் நம் நாடு வேறு வழியில் சென்றது. 1982இல் பிரதமர் மகாதீர், பனிக்கண்டம் சில நாடுகளின் தனியுடைமையா என்று ஐ.நா. பொதுச்சபையில் வினா எழுப்பினார். நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. பின்னர் நியூசிலாந்தின் அழைப்பை ஏற்று, 1999ஆம் ஆண்டு தொட்டு நம் ஆய்வாளர்கள் ஸ்காட் தளத்திற்கு விருந்தினராகச் சென்றனர். நம் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் பனிக்கண்ட ஆய்வில் பங்கு கொண்டனர். விருந்தினர் எங்கே இறங்கலாம், எப்போது இறங்கலாம் என்பது விருந்தோம்புவோரின் ஹெலிகாப்டர் அட்டவணையைப் பொறுத்தது. 2011 அக்டோபர் 31இல் மலேசியாவும் உடன்படிக்கையில் இணைந்தது; முடிவெடுக்கும் உரிமை மட்டும் இன்னும் கிட்டவில்லை.

இவற்றையெல்லாம் மறுநாள் அம்மாணவனிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டவன், "அப்படியென்றால் நம்முடைய ஹெலிகாப்டர் ஒன்றுகூட அங்கே இல்லையா சார்?" என்றான்.

இல்லை என்றேன்.