கிளிப்பாடமும் கருத்துணர்தலும்

மாசாயில் நமக்கு அறிமுகமான ஒரு வீட்டிற்கு அண்மையில் ஒரு மாலை சென்றிருந்தோம். அவ்வீட்டுச் சிறுவன், ஐந்தாம் ஆண்டு மாணாக்கன், தன் தமிழ்ப் பாடநூலை எடுத்து ஒரு பக்கம் முழுவதையும் தங்குதடையின்றிப் படித்துக் காட்டினான். லகர ழகர ளகர வேறுபாடு சிறிதும் பிசகவில்லை. வீட்டார் மகிழ்ந்தனர்; நாமும் மகிழ்ந்தோம். பின்னர்ப் பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தை நாமாகவே புனைந்து ஒரு காகிதத்தில் எழுதி அவனிடம் நீட்டினோம்: ‘மலுக்கன் தன் சொப்பளையைத் துருவளித்தான்.’ அதன்கீழ் ஒரு வினா: ‘மலுக்கன் எதைத் துருவளித்தான்?’ சிறுவன் சற்றும் தயங்காது, ‘மலுக்கன் தன் சொப்பளையைத் துருவளித்தான்’ என்று, முற்றுப்புள்ளியும் பிழையாது, எழுதிக் கொடுத்தான். சொப்பளை யாது, துருவளித்தல் யாது என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவுமில்லை.

குற்றம் அச்சிறுவனுடையதன்று. அவன் கையாண்ட உபாயம் அவனுக்கு முன்னரே இருநூறாண்டு வயதுடையது.

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளையெல்லாம் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்குப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 188,650 பிள்ளைகள் பயின்றனர். ஆங்கிலேயர் வருமுன் நம் நாட்டில் கல்வியே இல்லை என்று கூறுவார் வாயை அடைக்க இக்கணக்கைப் பலர் எடுத்துக்காட்டுவர். நன்று. ஆனால் அவ்வாய்வுக்கு 1823இல் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் அனுப்பிய அறிக்கையையும் உடன் படித்தல் வேண்டும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்தவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் அவர் மனமாரப் புகழ்கின்றார். அடுத்து அவர் கூறுவதே நமக்கு வேண்டுவது. பாடநூல்களெல்லாம் செய்யுள், அச்செய்யுளின் மொழி வேறு, வீட்டில் பேசும் மொழி வேறு. ஆதலின் பிள்ளை எண்ணற்ற பாட்டுக்களை ஒப்பிப்பான். அவற்றின் பொருளைப் பொறுத்தமட்டில் பேசப் பழக்கிய கிளிக்குத் தெரிந்தவளவே அவனுக்கும் தெரியும் என்பது அவர் கருத்து. பல்லாரியில் பெரிதும் வழங்கியவை தெலுங்கும் கன்னடமுமே. எனினும் நம் திண்ணைப் பள்ளிக்கும் இது பொருந்தாது என்று எவர் சொல்வார்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எழும்பூர் அநாதைப் பள்ளியில் 1789 முதல் மேற்பார்வை செய்த பெல் பாதிரியார், இந்த மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் கண்டு வியந்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக அச்சிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நாம் ஏற்றுமதி செய்த கல்விச் சரக்குகளுள் அது தலையாயது. பொருளுணர்த்தும் முறை அம்மூட்டையில் இல்லை.

அவ்வாறாயின் நம் முன்னோர் பொருளுணர்தலையே அறியாதவரோ? அன்று. ஓலைச் சுவடியில் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபட எழுதப்படா. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இராது. அச்சுவடியைக் கையிலெடுப்பவன் பொருளை ஓர்ந்தாலன்றி ஒரு வரியையும் பிரித்துப் படித்தல் அரிது. பொருள் தெரியாமல் உரக்கப் படிக்கும் வசதி, சொற்பிரித்த அச்சு நூல் நமக்கு அளித்த வசதியே! பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைக் கூறுகின்றார். மனப்பாடம் செய்தல் அதில் ஓர் உறுப்பு மட்டுமே. கேட்டதை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அணுகிப் பின்னும் கேட்டல், உடன்பயில்வாரோடு கூடிப் பழகுதல், தான் வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடையிறுத்தல் என்பனவும் உடன் வருகின்றன. உரையிலக்கணம் கூறுமிடத்தும், கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று வகுக்கின்றார்.

ஆகவே, பழைய கல்வி இரு பாதிகளை உடையது. முற்பாதி நெட்டுரு, பிற்பாதி உரை. இளமையில் நெஞ்சில் இட்டுவைத்த முதலுக்குப் பின்னர் ஓர் ஆசிரியர் வட்டி சேர்ப்பார். உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இவ்விரண்டையும் காட்டுகின்றார்: திண்ணைப் பள்ளியில் தொடங்கிய பிள்ளை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து பொருள் கேட்டுத் தெளிந்தார். அத்தகைய பேறு எத்தனை பேருக்கு வாய்த்தது? பெரும்பாலோர் முற்பாதியோடு ஏரைப் பிடிக்கப் போயினர். சாதியின் பெயரால் திண்ணையின் மேல் ஏறவும் உரிமை பெறாதார் எண்ணற்றோர். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டியருள் பலர் அவ்வகுப்பினரே.

அவர்தம் மக்கள் முதன்முதல் எழுத்தைக் கண்ட இடம் தோட்டப் பள்ளி. பினாங்கில் 1816லேயே ஒரு தமிழ் வகுப்பு இருந்ததாயினும், அது நகரத்தார்க்குரியது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமே, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்று முதலாளிமாரைக் கட்டாயப்படுத்திற்று. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலமெனினும், இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. பள்ளியாவது ஒரு கொட்டகை, ஆசிரியர் ஒருவர், வகுப்புகள் மூன்று நான்கு. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரானார். நம் தொழில் முன்னோராகிய கிராணிமாரைக் குறை கூற நமக்கு மனமில்லை. காலையில் பெயர்ப் பதிவும் மாலையில் பால் கணக்குமாக உழல்பவர், நாற்பது பிள்ளைகளையும் ஒருசேரக் கத்தவிட்டுக் கண்ணயர்ந்தாரெனின் அதில் வியப்பென்ன? பாடநூலும் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தது. பால்மரத்தினிடையே பிறந்த பிள்ளை, தான் காணாத காவிரியையும் கரும்புத் தோட்டத்தையும் பற்றி ஓதிற்று. நான்காம் வகுப்பைத் தாண்டியவர் சிலரே. களை பிடுங்கும் வேலை ஏனையோரை அழைத்துக்கொண்டது. திண்ணையின் முற்பாதி கடல் கடந்து வந்துவிட்டது. பிற்பாதி நாகப்பட்டினக் கரையிலேயே நின்றுவிட்டது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு நன்றி கூறாதிருத்தல் முறையன்று. சாதியைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை நமக்கு ஒருசிறிதும் உடன்பாடன்று. ஆயினும், பிள்ளைகளுக்குச் செய்யுளைவிட உரைநடையே முதலில் வேண்டும் என்று கண்டு, பாலபாடங்களை எளிய வசனத்தில், நிறுத்தக் குறிகள் இட்டு, அச்சிட்டவர் அவர். காம்பெல் கண்ட குறைக்கு நம்மவருள் ஒருவர் செய்த மருத்துவம் அது.

நிற்க. நம் காலத்தில் ‘கருத்துணர்தல்’ என்னும் பெயரே பாடத்திற்கு வந்துவிட்டது. 1988 முதல் 2021இல் நீக்கப்படும்வரை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அதற்கெனத் தனித்தாளும் இருந்தது. பெயர் வந்தது, பொருள் வந்ததோ? வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அச்சொல் உள்ள வாக்கியத்தை எடுத்தெழுது என்னும் தந்திரம் பயிற்சிப் புத்தகங்கள் வாயிலாகப் பரவிற்று. மலுக்கனும் சொப்பளையும் அத்தந்திரத்திற்கே அகப்பட்டனர். இது தமிழ்ப் பிள்ளைகளின் நோய் மட்டுமன்று. பதினைந்து வயதினர்க்குப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா ஆய்வில், 2018இல் வாசிப்பில் 415 புள்ளி பெற்ற மலேசியா 2022இல் 388க்கு இறங்கிற்று. செல்வ நாடுகள் பெரும்பாலும் அடங்கிய கூட்டமைப்பின் சராசரி 476.

அமெரிக்காவிலும் இக்கதை உண்டு. டொலோரெஸ் டர்க்கின் என்னும் அம்மையார் 1970களில் அந்நாட்டு வகுப்பறைகளில் அமர்ந்து நாழிகைக் கணக்கு எடுத்தார். ஆசிரியர்கள் கருத்துணர்தலைச் சோதித்தனர், கற்பிக்கவில்லை. நான்காம் வகுப்பு வாசிப்பு நேரத்தில் கற்பித்தற்குச் சென்ற பங்கு நூற்றில் ஒன்றையும் எட்டவில்லை. 1984இல் பாலின்சார், பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் ஒரு மருந்தை ஆராய்ந்து வெளியிட்டனர்: பிள்ளைகள் சிறு குழுவாக அமர்ந்து, முறைவைத்து ஆசிரியராகி, படித்ததன் சுருக்கத்தைக் கூறி, வினா எழுப்பி, விளங்காததைத் தெளிவித்து, அடுத்து வருவதை ஊகித்தல். இதனைப் படித்தபோது நமக்கு நன்னூற் பாயிரம் நினைவுக்கு வந்தது. உடனே, எல்லாம் நம்மவர் அன்றே கண்டது என்று மீசை முறுக்குவார்க்கு ஒரு சொல்: கண்டவர் நம்மவர்தாம், குடியானவன் பிள்ளைக்கு அதனைக் கொடாதவரும் நம்மவரே.

மற்றுமோர் ஆய்வு, 1988இல் ரெக்ட், லெஸ்லி என்போர் செய்தது. பேஸ்பால் ஆட்டத்தை நன்கறிந்த மந்த வாசகர், அதனை அறியாத சிறந்த வாசகரைக் காட்டிலும் அவ்வாட்டத்தைப் பற்றிய பத்தியை நன்றாக உணர்ந்தனர். படிக்கும் திறமை மட்டும் போதாது. பத்தி பேசும் உலகம் பிள்ளையின் நெஞ்சில் முன்னரே சிறிதேனும் இருத்தல் வேண்டும்.

மாசாய் வீட்டில் அன்று மாலை நாம் விடைபெறுமுன், சிறுவனின் பாடநூலை மீண்டும் திறந்தோம். பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் வேலைக்காட்டிற்குப் புறப்பட்டதாக ஒரு வரி. “தம்பி, இம்முறை நாம் வினவப் போவதில்லை, நீ எங்களை வினவு” என்றோம். நெடுநேரம் விழித்தான். பிறகு, “ஏன் விடியுமுன்? விடிந்தபின் போனால் ஆகாதா?” என்றான். பாடத்தில் அதற்கு விடை இல்லை. அவன் பிறந்தது அடுக்குமாடியில்; பால்மரத்தை அவன் கண்டதுமில்லை. மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி, தோட்டப் பள்ளியில் ஈராண்டே படித்தவர், தலை நிமிர்ந்தார்.

“வெயில் ஏறினா பால் நின்னு போகும், ஐயா. குளிர்ச்சியிலதான் ஓடும்.”

“மழை பெய்தால், பாட்டி?”

“மழைன்னா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல.”

சிறுவன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அப்பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடியும், இம்முறை மெதுவாக, படிக்கத் தொடங்கினான்.