6 வாட்டா, 65 வாட்டா? 24 மணி நேரமும் ஓடுற கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர் சரி?

விருதுநகரில் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிற என் சித்தப்பா, மே மாசம் ஒரு மத்தியானம் ரெண்டு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரெண்டுமே கொட்டேஷன். ஒண்ணு, உள்ளூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது: இன்டெல் கோர் ஐ5-12400 போட்ட அசெம்பிள்டு டெஸ்க்டாப். இன்னொண்ணு, தம்பி ஆன்லைனில் தேடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்: இன்டெல் என்100 போட்ட மினி பிசி. டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். கீழே ஒரே வரி, ‘‘நீதானே பத்திரிகையில எழுதுற. எது நல்லது, சொல்லு!’’

அவர் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. பழைய கம்ப்யூட்டர் அதே மாசம்தான் செத்துப்போச்சு. ஃபேன் முழுக்கத் தூசி அடைச்சு, சூடு ஏறி, மதர்போர்டே போயிடுச்சு. மூணு நாள் கையால பில் எழுதினார். எந்த மருந்து எத்தனை அட்டை இருக்கு, எது எப்போ எக்ஸ்பயரி ஆகுதுன்னு ஒரு தகவலும் இல்லாம கடை ஓடுச்சு. கேமரா பதிவும் அதே பெட்டியில்தான் இருந்ததால, அந்த மூணு நாளும் கேமரா சும்மா சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அதனால, ‘எது வேகம்’ங்கிறது அவருடைய கேள்வியே இல்லை. எது சாகாம ஓடும், எவ்வளவு கரன்ட் குடிக்கும்... இதுதான் கேள்வி. வீட்டில் சி.சி.டி.வி-க்கோ, சினிமா சேமிச்சு வைக்கவோ, கடை கவுன்ட்டருக்கோ எப்பவும் ஆன்லயே இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்கன்னா, உங்க கேள்வியும் இதுதான்.

பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் கம்ப்யூட்டர்

இந்த மாதிரி ஒரே வேலைக்குன்னு ஒரு இடத்தில் பொருத்தி, அப்புறம் மறந்துபோற கம்ப்யூட்டருக்கு ‘எம்பெடட் சிஸ்டம்’னு பேர். வாஷிங் மெஷினுக்குள்ள இருக்கிறதும் எம்பெடட்தான். ஆனா அதுக்கு நகம் அளவு மைக்ரோகன்ட்ரோலர் போதும். பெரிய திரை, டேட்டாபேஸ், கேமரான்னு வேலை கூடும்போதுதான் பி.சி பிராசஸர் உள்ளே வருது. ஏ.டி.எம் மெஷினைத் திறந்தா உள்ளே இருக்கிறது ஒரு கம்ப்யூட்டர்தான். மெட்ரோ டிக்கெட் மெஷின், ரத்தப் பரிசோதனை லேப் கருவிகள், ஏர்போர்ட்டில் விமான நேரம் காட்டுற திரை... பலதுக்குள்ளயும் இதே கதை.

சித்தப்பாவின் ரெண்டு சிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். 2023 தொடக்கத்தில் வந்த என்100-ல் 4 கோர், உச்ச வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், இன்டெல் குறிப்பிடும் மின் அளவு 6 வாட். 2022 தொடக்கத்தில் வந்த ஐ5-12400-ல் 6 பெரிய கோர், உச்ச வேகம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ், மின் அளவு 65 வாட். முழு மூச்சா ஓடும்போது அது 117 வாட் வரை இழுக்கலாம்னு இன்டெல்லே சொல்லுது.

65-ஐ 6 ஆல வகுத்தா கிட்டத்தட்ட 11 மடங்கு. ‘அப்போ கரன்ட் பில்லும் 11 மடங்கு’ன்னு நினைச்சா, அங்கதான் பலரும் வழுக்கி விழுறாங்க. முதல்ல நானும் விழுந்தேன்.

அந்த 65-க்கு என்ன அர்த்தம்?

65 வாட் என்பது கரன்ட் பில்லுக்கான எண் இல்லை. தொடர்ந்து உழைக்கும்போது சிப் எவ்வளவு சூடு கக்கும், அதுக்கு எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வேணும்னு கம்ப்யூட்டர் கட்டுறவருக்குச் சொல்ற எண். வேலை இல்லாதப்போ இன்றைய பிராசஸர்கள் தங்களோட பல பகுதிகளை அணைச்சுட்டுத் தூங்கிடும். பில் கவுன்ட்டரில் ஒரு நாளில் 23 மணி நேரம் பிராசஸர் தூக்கத்தில்தான் இருக்கும்னு சொன்னா பெரிய மிகை ஒண்ணும் இல்லை. ஒரு பில் அடிக்கிறது அதுக்குக் கண் சிமிட்டும் நேர வேலை.

சரி, சுவர் பிளக்கில் எனர்ஜி மீட்டர் மாட்டிப் பார்த்தா என்ன தெரியும்? சும்மா இருக்கும்போது என்100 மினி பிசி சுமார் 10 வாட், சில நேரம் அதுக்கும் கீழே. ஐ5 டெஸ்க்டாப் சுமார் 30 வாட். மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும். கவனிங்க, அந்த 30-ல் பிராசஸரின் பங்கு கொஞ்சம்தான். மிச்சத்தைக் குடிக்கிறது மதர்போர்டு, ஃபேன்கள், அப்புறம் 450 வாட்டுக்குச் செஞ்ச எஸ்.எம்.பி.எஸ். பெரிய எஸ்.எம்.பி.எஸ் சின்ன லோடில் ஓடும்போது கணிசமா வீணடிக்கும். மினி பிசி-யில் அந்தப் பேச்சே இல்லை, லேப்டாப் மாதிரி ஒரு 12 வோல்ட் அடாப்டர்தான்.

இப்போ கணக்குப் போடலாம். வித்தியாசம் 20 வாட். வருஷம் முழுக்க ஓடினா 175 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய்னு கணக்குக்கு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 1,750 ரூபாய், அஞ்சு வருஷத்துக்கு 8,750. சிப் அட்டையைப் பார்த்து 65-ல 6-ஐக் கழிச்சுக் கணக்குப் போட்டிருந்தா 517 யூனிட்னு வந்திருக்கும். உண்மை அதில் மூணில் ஒரு பங்குதான். பெரிய தொகை இல்லைதான், ஆனா சின்னக் கடைக்கு விட்டுடற காசும் இல்லை. வீட்டில் வைக்கிறீங்கன்னா வேற மாதிரி பாருங்க: 20 வாட்டுங்கிறது ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட். நம்ம மின்வாரியக் கணக்கில் நீங்க 500 யூனிட் விளிம்பில் நிக்கிறவர்னா, அந்த 29 உங்களை வேற ஸ்லாபுக்குத் தள்ளிடும்.

சின்ன சிப் எப்படி மிச்சம் பிடிக்குது?

பைக்கில் 45-ல் போனா மைலேஜ் கிடைக்கும், 90-ல் போனா பெட்ரோல் பறக்கும், இல்லையா? சிப்பிலும் அப்படித்தான். அது குடிக்கிற மின்சாரம் வேகத்தோட மட்டும் ஏறாது, வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைக் கூட்டணும்னா வோல்ட்டேஜையும் கூட்டணும். வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்க வோல்ட்டேஜை 20 சதவிகிதம் ஏத்துறோம்னு வைங்க. 1.5 × 1.2 × 1.2. மின்சாரம் ரெண்டு மடங்கைத் தாண்டிடும். கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் அதிக விலை.

என்100 அந்தக் கடைசிச் சொட்டை விட்டுக்கொடுத்த சிப். அதில் இருக்கிற நாலும் இன்டெல் ‘இ-கோர்’னு சொல்ற சின்ன கோர்கள். அதுக்காக நோஞ்சான்னு நினைச்சுடாதீங்க. 2015-ல் வந்த ஐ5-6500 அந்தக் காலத்தில் ஆபீஸ்கள்ல நிறைய பார்த்த சிப். நாலு கோர், 65 வாட். அது செஞ்ச வேலையை இன்னிக்கு என்100 ஏறக்குறைய அதே வேகத்தில் செய்யுது. உங்க ஆபீஸ் அன்னிக்கு அதில் நல்லாத்தானே ஓடுச்சு?

ஐ5-12400-ஓடு ஒப்பிட்டா, எல்லா கோரும் சேர்ந்து உழைக்கிற வேலையில் என்100 மூணு மடங்குக்கு மேல பின்தங்கும். ஒரே கோர் போதுங்கிற வேலையில் இடைவெளி ரெண்டு மடங்குக்குள்ளதான். பில்லிங் சாஃப்ட்வேர் பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்.

கேமரா விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நாலு கேமரா பதிவுன்னா பெரிய பிராசஸர் வேணும்னுதான் சித்தப்பாவுக்குச் சொல்லியிருந்தாங்க. ஆனா ஐ.பி கேமரா படத்தை அங்கேயே சுருக்கித்தான் அனுப்புது. கம்ப்யூட்டர் செய்றது அதை வாங்கி டிஸ்க்கில் எழுதுற வேலை, கிட்டத்தட்ட கிளார்க் வேலை. திரையில் பார்க்கும்போது விரிக்கணும், உண்மைதான். அதுக்குன்னே என்100-க்குள் தனி வீடியோ பகுதி இருக்கு, பிராசஸரைத் தொந்தரவு பண்ணாது. இந்த ஒரு விஷயத்தில் விலை கூடின டெஸ்க்டாப் சிப்களில் சிலதே தோத்துப்போகும். பேர் கடைசியில் ‘எஃப்’ இருந்தா (ஐ5-12400எஃப் மாதிரி) அதில் கிராஃபிக்ஸே கிடையாது.

வெயிலும் தூசியும்

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிக்குள்ள போயிருக்கீங்களா? காத்துல பஞ்சு மிதக்கும். அங்கே ஃபேன் வெச்ச கம்ப்யூட்டர் கொஞ்ச நாளில் பஞ்சுத் தலையணை ஆகிடும். ஓட்டல் கல்லாவில் எண்ணெய்ப் புகை. கம்ப்யூட்டரில் ஓடித் தேயுற பாகம் ஃபேன், அதனால அதுதான் பெரும்பாலும் முதலில் போகும். ஃபேன் நின்னா சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். 100 டிகிரியைத் தொடும்போது அது நடக்கும். ஆனா பக்கத்தில் இருக்கிற கப்பாசிட்டர்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. சூடு 10 டிகிரி குறைஞ்சா அவற்றின் ஆயுள் சுமார் ரெண்டு மடங்காகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. 10 டிகிரி கூடினா? திருப்பிப் போட்டுக்கோங்க.

சின்ன சிப்பின் உண்மையான லாபம் என் பார்வையில் இங்கேதான், கரன்ட் பில்லில் இல்லை. சூடு கம்மிங்கிறதால ஃபேனே இல்லாம, அலுமினியப் பெட்டியையே ஹீட் சிங்க்கா வெச்சு ஓட்டலாம். எல்லா மினி பிசியும் அப்படி வர்றதில்லை, பலதில் சின்ன ஃபேன் உண்டு. கேட்டு வாங்கணும். கரன்ட் கட் ஆனாலும் 10 வாட் பெட்டி இன்வெர்ட்டருக்கு ஒரு எல்.இ.டி பல்பு மாதிரிதான்.

எங்கே பெரிய சிப் வேணும்?

எல்லாத்துக்கும் சின்னதே போதும்னு சொல்ல வரலை. பாட்டில் தொழிற்சாலையில் கன்வேயரில் நொடிக்குப் பத்து பாட்டில் போகுதுன்னு வைங்க. கேமரா படம் எடுத்து, மூடி சரியா இருக்கான்னு பார்த்து, தப்பானதைத் தள்ளிவிடணும். ஒரு பாட்டிலுக்குக் கிடைக்கிறது 100 மில்லி செகண்ட். 120 ஆச்சுன்னா தப்பான பாட்டில் தாண்டிப் போயிடும். இங்கே சராசரி வேகம் உதவாது, ஒவ்வொரு தடவையும் கெடுவுக்குள் முடியணும். தூங்குற சிப் எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்ங்கிறதால, துல்லியமான கன்ட்ரோல் வேலை செய்யும் இடங்களில் அந்த ஆழ்ந்த தூக்கத்தையே பயாஸில் அணைச்சு வெச்சுடுவாங்க. அப்போ நாம மேலே போட்ட ‘30 வாட்’ கணக்கு செல்லாது, மீட்டர் எகிறும். அது தெரிஞ்சே கொடுக்கிற விலை.

வீட்டிலேயே ஏ.ஐ மாடல் ஓட்டணும்னு ஆசையா? என்100-க்கு மெமரி ஒரே சேனல்தான். டி.டி.ஆர்5-4800 ரேம் போட்டா நொடிக்கு 38.4 ஜி.பி வரைதான் படிக்கும். 4 ஜி.பி மாடல் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் முழுசாப் படிக்கப்படணும், ஆக காகிதக் கணக்கிலேயே நொடிக்கு ஒன்பது துண்டைத் தாண்டாது. ரெட்டை சேனல் டெஸ்க்டாப் இதைவிடப் பரவாயில்லை.

நடுவில் ஒரு வழியும் உண்டு. ஐ5-12400டி. ‘டி’ எழுத்து போட்ட சிப்கள் 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்டவை. உச்ச உழைப்பில் சூடு குறையும். ஆனா சும்மா இருக்கும்போது சாதா சிப்புக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, ரெண்டும் ஒரே குடும்பம்தானே. பல மதர்போர்டுகளில் சாதா சிப்புக்கே பயாஸில் 35 வாட் வரம்பு வைக்கலாம், காசு செலவில்லாம.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மலிவா கிடைக்கும். சின்னக் கேபினெட் மாடல்கள் கரன்ட்டும் அளவாத்தான் குடிக்கும். ஆனா எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களில் பெரும்பாலானவைக்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிஞ்சுது. லினக்ஸ் போடுறவங்களுக்குக் கவலை இல்லை. உங்க பில்லிங் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

மினி பிசி-ன்னா, 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் உள்ளே நுழையாது. மாசக்கணக்கில் கேமரா பதிவு வேணும்னா டிஸ்க்கை வெளியே வைக்கணும். ரேம் ஸ்லாட்டும் பொதுவா ஒண்ணுதான், பின்னாடி சேர்க்க வழியில்லை.

‘சின்னது நீண்ட நாள் உழைக்கும்’னு கண்ணை மூடி நம்பவும் வேணாம். இன்டெல்லின் ஆட்டம் சி2000 வரிசையில் கடிகாரத் துடிப்புப் பகுதி நாளடைவில் செயலிழக்குதுன்னு 2017-ல் தெரிய வந்தது. எப்பவும் ஓடுற ரௌட்டர்களிலும் ஸ்டோரேஜ் பெட்டிகளிலும் இருந்த சிப் அது. மறுபக்கம், 13, 14-ம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்ட்டேஜால் பழுதாகுதுன்னு 2024-ல் பெரிய பிரச்னை ஆகி, இன்டெல் வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது. ரெண்டு பக்கமும் விபத்து நடந்திருக்கு. அதனால வாரன்டி பேப்பரை மருந்துச் சீட்டு மாதிரி பத்திரமா வைங்க.

சித்தப்பா கடைசியில் ஃபேன் இல்லாத என்100 பெட்டியைத்தான் வாங்கினார். கூடவே வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரை மேசைக்கு அடியில் தூசியில் வைக்காம, மானிட்டர் முதுகில் ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கார். ‘‘என்னடா, சத்தமே இல்லை, ஓடுதா இல்லையான்னே தெரியலையே’’ன்னு முதல் வாரம் தினமும் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாராம். ஐ5 கொட்டேஷனைத் தம்பி வாங்கி வெச்சிருக்கான். வீடியோ எடிட்டிங் கத்துக்கப் போறானாம், அவனுக்கு அது சரிதான்.