அரச இரகசியமான உடல்நிலை: பிடெல் காஸ்ட்ரோவின் இறுதிப் பத்து வருடங்கள்

2006 ஜூலை 31 திங்கட்கிழமை இரவு ஒன்பது மணி கடந்த வேளையில் கியூபத் தொலைக்காட்சியில் தோன்றிய கார்லோஸ் வலென்சியாகா ஒரு பிரகடனத்தை வாசித்தார். அவர் ஜனாதிபதி பிடெல் காஸ்ட்ரோவின் அந்தரங்கச் செயலாளர். ஆர்ஜென்டீனாவுக்கு மேற்கொண்ட விஜயத்தினாலும் ஜூலை 26 புரட்சி தின வைபவங்களினாலும் ஏற்பட்ட கடுமையான களைப்பின் விளைவாகத் தனது குடலில் தொடர்ச்சியான இரத்தக்கசிவு ஏற்பட்டதாகவும் சிக்கலான சத்திரசிகிச்சைக்கு உட்பட நேர்ந்ததாகவும் காஸ்ட்ரோ அந்தப் பிரகடனத்தில் கூறியிருந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் முதற் செயலாளர் பதவி, ஆயுதப்படைகளின் பிரதம தளபதி பதவி, அரசின் தலைமைப் பதவி ஆகிய சகலவற்றையும் 'தற்காலிகமாக' தனது சகோதரர் ராவுல் காஸ்ட்ரோவிடம் கையளிப்பதாகவும் அறிவித்தார். 1959 ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த பின்னர் அவர் அதிகாரத்தைக் கைமாற்றியது அதுவே முதற்தடவை.

மறுநாள் இன்னொரு செய்தி தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது. தனது நிலைமை ஸ்திரமாக இருப்பதாகக் கூறிய காஸ்ட்ரோ, அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் திட்டங்கள் காரணமாகத் தனது உடல்நிலை ஒரு அரச இரகசியமாகிவிட்டது என்றும் அதைப் பற்றிய விபரங்களைத் தொடர்ச்சியாக வெளியிட இயலாது என்றும் அறிவித்தார். ஒரு முதியவரின் குடல் நோய் இராணுவ இரகசியத்துக்கு நிகரான அந்தஸ்தைப் பெற்றது. அன்று தொடங்கிய ஊகங்கள் அவர் உண்மையில் மரணமடைந்த 2016 நவம்பர் வரை, பத்து வருடங்களுக்கும் மேலாக, ஓயவில்லை.

காஸ்ட்ரோவின் மரணச் செய்தி உலகுக்குப் புதியதும் அல்ல. 1956 டிசம்பரில் 'கிரான்மா' படகில் வந்து கியூபாவின் கிழக்குக் கரையில் இறங்கிய கிளர்ச்சியாளர்களை பட்டிஸ்டாவின் படைகள் சிதறடித்தபோது, காஸ்ட்ரோ கொல்லப்பட்டுவிட்டார் என்று ஒரு சர்வதேச செய்தி முகவரகம் அறிவித்தது. 1957 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர் ஹேர்பர்ட் மத்தியூஸ் சியெரா மாயெஸ்ட்ரா மலைக்காட்டுக்குள் சென்று அவரைப் பேட்டி கண்டு எழுதிய பின்னரே அந்தச் செய்தி பொய் என்பது உலகுக்குத் தெரியவந்தது. செத்ததாகச் சொல்லப்பட்டவர் உயிருடன் தோன்றியது அவரது இயக்கத்துக்குப் பெரும் பிரசாரமாக அமைந்தது. அந்தப் பாடத்தை காஸ்ட்ரோ தனது வாழ்நாளில் மறந்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் அவரது உடல் தளர்ச்சி மக்கள் கண்முன்னே தெரியத் தொடங்கியது. 2001 ஜூனில் ஹவானாவின் புறநகர்ப் பகுதியான எல் கொத்தோரோவில் கடும் வெயிலில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கினார். 2004 அக்டோபரில் சாந்தா கிளாராவில் மேடையில் இருந்து இறங்கிய வேளையில் தடுக்கி விழுந்ததில் முழங்காலும் கையும் முறிந்தன. முழங்கால் சிரட்டை எட்டுத் துண்டுகளாக உடைந்தது என்பதையும், நாட்டு விவகாரங்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் முழுமையான மயக்கமருந்தை ஏற்க மறுத்ததையும் அவரே மக்களுக்கு எழுதிய கடிதத்தில் விபரித்தார். மறுவருடம் அவருக்கு பார்கின்சன் நோய் இருப்பதாக சி.ஐ.ஏ. மதிப்பிட்டிருப்பதாகச் செய்தி வந்தபோது, ஹவானா பல்கலைக்கழக உரையில் அதைக் கேலி செய்தார். எலும்பு முறிவைப் பற்றி எவ்வளவும் பேசலாம், அது ஆறிவிடும். குடல் நோய் அப்படிப்பட்டதல்ல. எனவேதான் 2004 இன் கடிதத்துக்கும் 2006 இன் மௌனத்துக்கும் இடையில் அவ்வளவு பெரிய வேறுபாடு.

அந்த மௌனத்தை நிரப்புவதற்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். பிரகடனம் வாசிக்கப்பட்ட இரவிலேயே மியாமியின் லிட்டில் ஹவானா வீதிகளில் கியூபப் புலம்பெயர்ந்தோர் கொடிகளுடனும் வாகன ஹோர்ன் ஒலிகளுடனும் கொண்டாட்டத்தில் இறங்கினர். இரு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 13 ஆம் திகதி, காஸ்ட்ரோவின் 80 வது பிறந்த நாளன்று, விளையாட்டு உடையில் பத்திரிகை ஒன்றை ஏந்தியவாறு அவர் காட்சியளிக்கும் படங்கள் வெளியாகின. நம்பிக்கையுடன் இருங்கள், அதேவேளை பாதகமான செய்திக்கும் தயாராக இருங்கள் என்று அவர் மக்களுக்குச் செய்தி விடுத்தார். செப்டெம்பரில் ஹவானாவில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டுக்கு அவர் வரவில்லை. ராவுலே தலைமை தாங்கினார். ஆனால், ஐ.நா. செயலாளர் நாயகம் கொபி அனானையும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கையும் காஸ்ட்ரோ தனியே சந்தித்தார்.

அக்டோபரில் அவருக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று அமெரிக்க அதிகாரிகள் நம்புவதாக ரைம் சஞ்சிகை எழுதியது. அதே மாத இறுதியில், தான் இறந்துவிட்டதாகக் கூறுவோருக்குப் பதிலாக, அன்றைய பத்திரிகையை வாசிக்கும் காணொளி ஒன்றில் காஸ்ட்ரோ தோன்றினார். பிற்போடப்பட்டிருந்த பிறந்தநாள் விழா டிசம்பர் 2 ஆம் திகதி இராணுவ அணிவகுப்புடன் நடைபெற்றபோது அவர் வராததால் ஊகம் மீண்டும் சூடுபிடித்தது. அவரது ஆயுள் வருடக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கிலேயே இருக்கிறது என்று அமெரிக்க தேசிய புலனாய்வுப் பணிப்பாளர் ஜோன் நெக்ரபொன்ரி அந்த மாதத்தில் கூறினார். சில நாட்களுக்குள் மட்ரிட்டில் இருந்து ஹவானாவுக்கு அழைக்கப்பட்டுத் திரும்பிய ஸ்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹொசே லூயிஸ் கார்சியா சப்ரிடோ, காஸ்ட்ரோவுக்குப் புற்றுநோய் இல்லை என்று பகிரங்கமாகத் தெரிவித்தார். 2007 ஜனவரியில் ஸ்பெயினின் எல் பாயிஸ் பத்திரிகை பெருங்குடல் அழற்சியும் அதைத் தொடர்ந்து பலனளிக்காத மூன்று சத்திரசிகிச்சைகளும் பற்றி எழுதியது. கியூப அரசாங்கம் எதையும் உறுதிப்படுத்தவும் இல்லை. முழுமையாக விளக்கவும் இல்லை.

அதே மாதத்தில் மியாமி நகர நிர்வாகம் காஸ்ட்ரோவின் மரணத்தைக் கொண்டாடுவதற்கு ஒரேஞ்ச் போல் விளையாட்டரங்கில் எத்தகைய நிகழ்ச்சியை நடத்தலாம் என்று ஆராய்ந்தது. மனிதர் சாகவில்லை. விளையாட்டரங்கு 2008 இல் இடித்துத் தள்ளப்பட்டது.

முக்கியஸ்தர்களின் மரணச் செய்திகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது பத்திரிகைத் தொழிலில் வழமையானது. அதில் விபத்துகளும் நேர்வதுண்டு. 2003 ஆம் ஆண்டில் சி.என்.என். இணையத்தளத்துக்காகத் தயார் செய்யப்பட்டிருந்த இரங்கல் பக்கங்கள் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டன. அவற்றில் காஸ்ட்ரோவுக்குரிய பக்கத்தில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனுக்காக எழுதப்பட்ட வாசகங்கள் கலந்திருந்ததனால், காஸ்ட்ரோ உயிர்காப்பாளராகவும் திரைப்பட நட்சத்திரமாகவும் வர்ணிக்கப்பட்டிருந்தார். சிரிப்புக்குரிய சம்பவம்தான். ஆனால், அமெரிக்க அரசாங்கத்தின் கியூபக் கொள்கையும் ஏறத்தாழ அவ்வாறே, ஒரு மரணத்துக்காக முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

1996 ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ் - பேர்ட்டன் சட்டம், பிடெலோ ராவுலோ அங்கம் வகிக்கும் எந்த அரசாங்கத்தையும் நிலைமாறுகால அரசாங்கமாக அமெரிக்கா ஏற்க முடியாது என்று இருவரையும் பெயர் குறிப்பிட்டே கூறியது. ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 2003 இல் நியமித்த ஆணைக்குழுவின் இரண்டாவது அறிக்கை, காஸ்ட்ரோ நோயுற்ற செய்தி வருவதற்கு மூன்று வாரங்கள் முன்னதாக, 2006 ஜூலை 10 ஆம் திகதியே வெளியானது. காஸ்ட்ரோவுக்குப் பின்னரான கியூபாவை மாற்றியமைப்பதற்கு இரு வருடங்களில் 8 கோடி டொலர்களைச் செலவிட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் ஒரு பகுதி இரகசியமாக வைக்கப்பட்டது. ஆகவே, ஏகாதிபத்தியத்தின் திட்டங்கள் என்று காஸ்ட்ரோ குறிப்பிட்டது வெறும் கற்பனை என்று தள்ளிவிடக்கூடியதல்ல. அவரது சாவு எந்த நாளில் நிகழும் என்பது எதிராளிக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய தகவல்.

ஆனால், இத்தனை ஊகங்களும் ஒரே அனுமானத்தின் மீது கட்டப்பட்டிருந்தன. பிடெலின் மூச்சு நின்றால் ஆட்சியும் நின்றுவிடும் என்பதே அந்த அனுமானம். எல்லோரும் நோயாளியின் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அதிகாரம் வேறு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. 'தற்காலிகம்' என்ற ஒற்றைச் சொல் 19 மாதங்களுக்கு நீடித்தது. அந்தக் காலப்பகுதியில் கலவரம் இல்லை, கடல்வழியே பெரும் அகதிப் படையெடுப்பு இல்லை, இராணுவப் பிளவும் இல்லை. பிடெலோ 2007 மார்ச்சில் இருந்து பத்திரிகையில் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். கண்ணில் படாமலேயே அவர் பேசிக்கொண்டிருந்தார். 2008 பெப்ரவரி 19 ஆம் திகதி, மீண்டும் ஜனாதிபதி பதவியை ஏற்கப்போவதில்லை என்று அவரது கடிதம் அறிவித்தபோது, அதிர்ச்சியடைவதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை. ஐந்து நாட்கள் கழித்து தேசிய சபை ராவுலைத் தெரிவு செய்தது. அடுத்த தலைமுறைத் தலைவர்கள் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் எதிர்பார்த்த கார்லோஸ் லாகேயும் பெலிப்பே பெரேஸ் ரொக்கேயும் 2009 மார்ச்சில் பதவிகளில் இருந்து அகற்றப்பட்டனர். 2011 ஏப்ரலில் கட்சித் தலைமையும் ராவுலுக்கு வந்தது.

வதந்திகள் மாத்திரம் ஓயவில்லை. 2012 அக்டோபரில் அவர் பக்கவாதத்தினால் செயலிழந்துவிட்டார் என்று கூறப்பட்டபோது, தான் மரணப்படுக்கையில் கிடப்பதாகக் கிண்டலாகத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, வைக்கோல் தொப்பியுடன் நிற்கும் படங்களையும் வெளியிட்டார். 2015 ஜனவரியில் மீண்டும் ஒரு மரணச் செய்தி சமூக வலைத்தளங்களில் பரவியது. கென்ய அரசியல் தலைவர் ரெய்லா ஒடிங்காவின் மகன் அந்த மாதத்தில் காலமானமை அதற்கு ஒரு காரணம் என்று கூறப்பட்டது. அவருடைய பெயரும் பிடெல் காஸ்ட்ரோ! அந்தத் தடவை உதைபந்தாட்ட வீரர் டியேகோ மரடோனாவுக்கு எழுதிய கடிதம் மூலமாக ஹவானாவின் பிடெல் தான் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தினார்.

நோயுற்ற காஸ்ட்ரோவை அடிக்கடி சென்று பார்த்து அவரது நிலைமையை உலகுக்குச் சொல்லிவந்தவர் வெனிசூலா ஜனாதிபதி ஹியூகோ சாவேஸ். கியூப மக்களே தங்களது தலைவரைப் பற்றிய தகவல்களை உள்நாட்டுப் பத்திரிகைகளை விடவும் சாவேஸின் பேச்சுக்களில் இருந்து கூடுதலாக அறிந்துகொண்டனர். விதி வேறுவிதமாக அமைந்தது. 2011 ஜூனில் சாவேஸ் தனக்குப் புற்றுநோய் என்று ஹவானாவில் இருந்து அறிவித்தார். அது எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் என்பது ஒருபோதும் வெளியிடப்படவில்லை. 2012 ஜூலையில், நோயில் இருந்து முற்றாக விடுபட்டுவிட்டதாகக் கூறிக்கொண்டு தேர்தல் களத்தில் நின்ற அவர், அக்டோபரில் வெற்றி பெற்றார். 2013 ஜனவரியில் பதவிப்பிரமாணம் செய்வதற்கு அவரால் வர இயலவில்லை. மார்ச் 5 ஆம் திகதி 58 வயதில் மரணமடைந்தார்.

இந்த இடத்தில்தான் ஊகத்தின் பிரச்சினை வெறும் சுவாரஸ்யம் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. கியூப மக்களுக்குத் தங்களது தலைவரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருக்கவில்லை. வெனிசூலா மக்களுக்கு வாக்குச்சீட்டு இருந்தது. ஆறு வருட பதவிக்காலத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்தவர்கள் அவர் ஐந்து மாதங்கள் உயிருடன் இருப்பாரா என்பதை அறியாமலேயே வாக்களித்தனர். அவர்களுக்குக் கிடைத்தது சாவேஸ் கைகாட்டிய நிக்கலஸ் மதுரோ. அந்தத் தெரிவின் விலையை வெனிசூலா பல வருடங்களாகச் செலுத்தியது.

நோயாளிக்கு அந்தரங்கம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால், எல்லா அதிகாரங்களையும் தனது ஒரே உடலில் குவித்துக்கொண்ட ஒருவர் அந்த உடலைத் தனது சொந்த விவகாரம் என்று கூறமுடியாது. எதிரியிடம் இருந்து மறைப்பதாகக் கூறப்படும் உண்மை முதலில் மறைக்கப்படுவது சொந்த மக்களிடம் இருந்துதான். எதிரிக்கு உளவுச் சேவைகள் உண்டு, சத்திரசிகிச்சை நிபுணர்களைத் தேடிச்செல்லும் பத்திரிகைகள் உண்டு. ஹவானாவில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவருக்கு இருந்தது 'உதட்டு வானொலி' என்று கியூபர்கள் அழைக்கும் வாய்மொழி வதந்தி ஒன்றே. அவர்களில் பலர் தலைவரின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாகத் தாடியைத் தடவுவது போன்று சைகை காட்டுவது வழக்கம்.

2016 நவம்பர் 25 ஆம் திகதி இரவு பிடெல் காஸ்ட்ரோ 90 வயதில் காலமானார். நள்ளிரவு கடந்தவுடன் ராவுல் தொலைக்காட்சியில் தோன்றி சுருக்கமாக அறிவித்தார். ஒன்பது நாட்கள் துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. மியாமியில் மீண்டும் வீதிக் கொண்டாட்டம் நடந்தது. ஹவானாவில் ஆட்சி அசையவில்லை. 2018 இல் ஜனாதிபதி பதவியும் 2021 இல் கட்சித் தலைமையும் ராவுலிடம் இருந்து மிகேல் டியாஸ் கனேலுக்குக் கைமாறின.

பத்து வருட கால வதந்திகள் ஒரு வகையில் ஆட்சிக்கே உதவின. ஒவ்வொரு பொய்ச் செய்தியும் நாட்டை உண்மைச் செய்திக்குப் பழக்கப்படுத்தியது. மரணத்துக்காகக் காத்திருந்தவர்கள் தோற்றார்கள், மறைத்தவர்கள் வென்றார்கள். அந்த மரணத்துக்கான காரணம் என்ன என்பதை மாத்திரம் கியூப அரசாங்கம் தனது மக்களுக்கு அறிவிக்கவில்லை.